எண்ணத் தெரிகிறது, எத்தனை என்று சொல்லத் தெரியவில்லை

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. ஐம்பது வரை தடையின்றிச் சொல்கிறாள். ஆனால் படப் புத்தகத்தில் ஐந்து வாத்துகளை எண்ணி முடித்ததும் “எத்தனை வாத்து?” என்று கேட்டால், மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். கணக்குக்கென்று தனிப் புத்தகம் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. உங்கள் மகள் எண்ணுவதில் பிழை ஏதும் இல்லை. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த வாத்துகளின் எண்ணிக்கை என்பதே அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. குழந்தைகள் எண்ணும் விதத்தை ஆராய்ந்து 1978இல் நூல் வெளியிட்ட கெல்மன், காலிஸ்டல் என்னும் உளவியலாளர்கள் இதைத் தனியொரு விதியாகவே பிரித்துக் காட்டினார்கள். எண்களை வரிசையாகச் சொல்லப் பழகிய பிறகும் இது புரிவதற்குப் பல மாதங்கள் ஆவது இயல்பு, கவலைப்படாதீர்கள்.

“எத்தனை?” என்று சோதிப்பதைச் சில வாரங்களுக்கு நிறுத்திவிட்டு, மொத்தத்தை நீங்களே சொல்லி எண்ணியும் காட்டுங்கள்: “இதோ, மூன்று வாத்து. ஒன்று, இரண்டு, மூன்று.” இரண்டும் அதே படத்தைச் சுட்டியபடி அடுத்தடுத்து வர வேண்டும் என்பதே இதில் முக்கியம். படப் புத்தகங்களைக் கொண்டே இதைச் சோதித்த ஆய்வொன்றில், எண்ணிக் காட்டுவதை மட்டும் செய்தபோதோ மொத்தத்தை மட்டும் சொன்னபோதோ கிடைக்காத முன்னேற்றம், இரண்டையும் சேர்த்துச் செய்தபோது கிடைத்தது. ஐந்து வாத்துகள் உள்ள பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு, மூன்று பொருள்கள் மட்டும் உள்ள பக்கங்களில் தொடங்குங்கள். அவ்வளவை எண்ணாமல் பார்த்த மாத்திரத்திலேயே குழந்தை உணர்ந்துகொள்வதால், நீங்கள் சொல்லும் எண்ணும் கண்ணெதிரே உள்ள அளவும் எளிதில் பொருந்திவிடும்.

அடுத்த படிக்கு, 1969இல் வெளிவந்த எரிக் கார்லின் ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ மிக நன்றாக உதவும். அதில் கம்பளிப்புழு திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என நாளுக்கு ஒன்று கூட்டி, வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சுகளைத் தின்கிறது. ஒவ்வொரு பழத்திலும் புழு துளைத்த ஓட்டை இருப்பதால், விரலை விட்டு விட்டு எண்ணும் குழந்தை ஒரு பழத்தை இருமுறை எண்ணுவதோ விட்டுவிடுவதோ அரிது. பக்கத்தைத் திருப்புமுன் “நாளைக்கு எத்தனை தின்னும்?” என்று கேளுங்கள், அடுத்த எண் என்றால் ஒன்று கூடுதல் என்னும் கருத்து அங்கேதான் வேர் பிடிக்கிறது. சனிக்கிழமைப் பக்கத்தில் பத்து வகைத் தின்பண்டங்கள் வரும். அதை இப்போதைக்கு எண்ண வேண்டாம், கதையாக ரசிக்கட்டும். எந்தப் புத்தகமானாலும் முதல் வாசிப்பு கதைக்கே உரியது. நடுவே கேள்வி கேட்டு நிறுத்தினால் கதையும் போய்விடும், கணக்கின் மீதும் வெறுப்பு வந்துவிடும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சில வாரங்கள் கழித்து, அவள் எண்ணி முடித்தவுடன் படத்தைக் கையால் மூடிக்கொண்டு “எத்தனை வாத்து இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். மறுபடி எண்ண வழியில்லாத நிலையிலும் தயங்காமல் சரியாகச் சொன்னால், வேறொரு பக்கத்தில் இடப்புறத்திலிருந்து எண்ணச் சொல்லி, வலப்புறத்திலிருந்து எண்ணினாலும் அதே விடை வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.