மீம் என்பது வேடிக்கைப் படம் மட்டும்தானா?

கேள்வி: மீமைப் 'பண்பாட்டின் மரபணு' என்கிறார்களே, அதை எப்படி வரையறுத்து ஆராய்வது?

பதில்: 1976-இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ், 'போலச் செய்யப்பட்டது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைச் சுருக்கி இப்பெயரை உருவாக்கினார். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்வதால் பரவும் மெட்டும் நம்பிக்கையும் பானை வனையும் முறையும்கூட மீம்களே. நெடுங்காலம் நிலைத்தல், மிகுதியாகப் பெருகுதல், பிறழாமல் படியெடுக்கப்படுதல் ஆகிய மூன்றும் அதன் வெற்றிக்குரிய தன்மைகள் என்றார் அவர்.

எதை ஒரு மீம் என எண்ணுவது என்ற அலகில்தான் சிக்கல் இருக்கிறது. முழுப் பாட்டு ஒரு மீமா, பல்லவி மட்டுமா? மேலும், மனித மனம் கேட்டதை அப்படியே படியெடுப்பதில்லை, தானே மீட்டுருவாக்குகிறது என்று மானிடவியலாளர் டான் ஸ்பெர்பர் எழுப்பிய மறுப்பை நான் மிக வலுவானதாகக் கருதுகிறேன்.

ஆகவே படியெடுத்த நகல்களே கையில் கிடைக்கும் இடத்தில் ஆய்வைத் தொடங்குவதே நல்லது. 'இதைப் படியெடுத்துப் பலருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு நேரும்' என மிரட்டும் சங்கிலிக் கடிதங்கள் (நம் வீடுகளுக்கும் வந்தவைதான்) இதற்கு மிகவும் ஏற்றவை. சார்லஸ் பென்னெட், மிங் லி, பின் மா ஆகிய மூவரும் அத்தகைய 33 கடிதங்களைத் திரட்டி, எந்த இரண்டு கடிதங்களுக்கிடையே பொதுவான தகவல் மிகுதி என்பதைக் கணினியால் அளந்து, உயிரினங்களுக்கு வரைவதைப் போன்ற வம்சாவளி மரத்தை வரைந்து 2003-இல் வெளியிட்டனர். படியெடுத்துப் படியெடுத்து மங்கிய தாளை யாரோ மீண்டும் தட்டச்சு செய்யும்போது பெயர்கள் திரிந்தன. அந்தத் திரிபுகளே எந்தக் கடிதம் எதிலிருந்து கிளைத்தது என்பதைக் காட்டிக்கொடுத்தன.