பொருளியல் வாசகர் கேள்வி–பதில்: வேதனம் கூடினால் வேலை குறையுமா?

சம்மாந்துறையிலிருந்து ஓர் உயர்தர மாணவி: குறைந்தபட்ச வேதனத்தைக் கூட்டினால் வேலையின்மை கூடும் என்று கேள்வி–நிரம்பல் (தேவை–வழங்கல்) வரைபடம் காட்டுகிறது. ஆனால் இலங்கையில் 2016 இல் சட்டம் வந்தபோது அது மாதம் 10,000 ரூபாவாக இருந்தது, 2025 ஏப்ரலில் 27,000 ஆகிவிட்டது. வேலையின்மை அதற்கேற்பக் கூடியதாகத் தெரியவில்லை. அப்படியென்றால் வரைபடம் பிழையா?

வரைபடம் பிழையில்லை, அதன் எடுகோளைத்தான் பார்க்க வேண்டும். கூலியைச் சந்தை தீர்மானிக்கிறது, தனியொரு முதலாளியால் அதை அசைக்க முடியாது என்று அது வைத்துக்கொள்கிறது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் எல்லாப் போடிமாரும் (வயல் சொந்தக்காரர்களும்) ஒரே கிழமையில் ஆள் தேடும்போது இது ஓரளவு உண்மை. சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு நெல் ஆலைதான் என்றால் உண்மையில்லை. அந்த நிலைக்குப் பொருளியலாளர் ஜோன் ரொபின்சன் 1933 இல் விளக்கிய, தொழில்தருநர் ஒருவரே உள்ள சந்தையின் மாதிரியுரு வேண்டும்.

கணக்குக்காக ஓர் ஆலையை எடுங்கள். 10 பேர், நாட்கூலி 2,000 ரூபா. 11 ஆவது ஆள் 2,100 கொடுத்தால்தான் வருவார். அவருக்கு மட்டும் கூட்டிக் கொடுக்க முடியாது, பழைய 10 பேருக்கும் ஆளுக்கு 100 ஏற்ற வேண்டும். ஆகவே அவருக்கான எல்லைச் செலவு, அதாவது அவர் ஒருவரைச் சேர்ப்பதால் கூடும் மொத்தச் செலவு, 2,100 + 1,000 = 3,100. அவரால் ஆலைக்கு வரும் மேலதிக வருமானம் 2,800 தான் என்றால் முதலாளி அவரை எடுக்கமாட்டார். பரீட்சையில் பலர் அந்த 1,000 ரூபாவை விட்டுவிடுகிறார்கள். முழு விடையும் அதில்தான் நிற்கிறது.

இப்போது சட்டம் நாட்கூலியை 2,100 என்று நிர்ணயிக்கட்டும். பழையவர்களுக்கு எப்படியும் 2,100 கொடுத்தாக வேண்டும். 11 ஆவது ஆளுக்கான மேலதிகச் செலவு 2,100 ஆக இறங்கிவிடுகிறது, 2,800 தருபவரை எடுப்பதே இலாபம். கூலியும் கூடுகிறது, வேலையும் கூடுகிறது. ஆனால் சட்டம் 3,000 என்று வைத்தால் 11 ஆவது ஆள் மறுபடி வெளியே. இன்னும் ஏற்றினால் பழையவர்களும் ஒவ்வொருவராகப் போவார்கள். ஊரில் ஓடும் நாட்கூலி ஏற்கெனவே சட்டத் தொகையைத் தாண்டியிருந்தால் எந்த மாற்றமும் நடக்காது.

எந்த மாதிரியுரு பொருந்தும் என்று அறிய, வேலையாள் போய்வரக்கூடிய தூரத்தில் எத்தனை தொழில்தருநர் என்று எண்ணுங்கள். 'ஆட்கள் தேவை' அறிவித்தல் மாதக்கணக்கில் தொங்கியும் கூலி ஏறவில்லையென்றால் அது ரொபின்சன் சொன்ன சந்தை. 2014 இல் மட்டக்களப்பு வாவியின் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்ததையும் இப்படிப் பார்க்கலாம்: படுவான்கரை (மேற்குக் கரை) ஆளுக்கு எழுவான்கரை (கிழக்குக் கரை) வேலைகளும் எட்டும்போது, சட்டம் தொடாமலே ஒற்றை முதலாளியின் பிடி தளரும்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: 2022 இல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. வேலையின்மை 5 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. ஓக்கன் விதி எங்கே போனது?

பொருளியலாளர் ஆதர் ஓக்கன் 1962 இல் அமெரிக்கத் தரவுகளில் கண்ட தொடர்பு அது: வேலையின்மை 1 புள்ளி கூடினால் உற்பத்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். இங்கே அது பிடிபடாததற்கு முதல் காரணம் அளவீடு. கணக்கெடுக்கும் கிழமையில் 1 மணித்தியாலம் வேலை செய்தாலே ஒருவர் வேலையுள்ளவர். குடும்ப வயலில் சம்பளமில்லாமல் நிற்கும் மகனும் வேலையுள்ளவர்தான். தேடிச் சலித்து விட்டவரோ ஊழியப்படையிலிருந்தே (வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த தொகையிலிருந்தே) விலகிவிடுகிறார்.

இரண்டாவது காரணம் மெய்க்கூலி, அதாவது கூலியால் உண்மையில் வாங்கக்கூடிய அளவு. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். ஒரு வருடமாக மாறாத 50,000 ரூபா சம்பளத்தை 1.7 ஆல் வகுங்கள்: 29,400 சொச்சம். (70 சதவீதத்தைக் கழித்து 15,000 என்று சொல்வது பிழை.) ஆட்களை நிறுத்தாமலே தொழிலாளர் செலவு இப்படி இறங்கியது. நெருக்கடியின் பாரம் வேலையின்மை வீதத்தில் தெரியாமல் சமையலறையில் தெரிந்தது. வேலை செய்த மணித்தியாலம், ஊழியப்படைப் பங்கேற்பு, மெய்க்கூலி ஆகிய மூன்றையும் சேர்த்தே வாசியுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பட்டதாரி: புதிய வேலைகள் உருவானால் வேலையின்மை கூடும் என்று ஹரிஸ்–டொடாரோ சொல்வது எப்படி?

கிராமத்திலிருந்து நகருக்கு வேலை தேடிப் போவதை விளக்க 1970 இல் வெளிவந்த அந்த மாதிரியுருவில் ஆட்கள் பார்ப்பது எதிர்பார்க்கும் கூலியை: கூலி × வேலை கிடைக்கும் நிகழ்தகவு. நகரில் 60,000, கிராமத்தில் 30,000 என்றால் நிகழ்தகவு அரைவாசியாகும்வரை ஆட்கள் வருவார்கள். அதாவது 1,000 வேலைக்கு 2,000 பேர், 1,000 பேர் சும்மா. இன்னும் 100 வேலை உருவாக்கினால் 200 பேர் வருவார்கள், சும்மா இருப்போர் 1,100 ஆவார்கள்.

வேலை உறுதியான பிறகே பஸ் ஏறுபவர்களுக்கு இது பொருந்தாது. அரச நியமனத்துக்குக் காத்திருப்போருக்கு நெருக்கமாகப் பொருந்தும், ஒரு திருத்தத்தோடு. மாதிரியுரு எல்லோருக்கும் சம வாய்ப்புள்ள சீட்டுக் குலுக்கலை எடுகோளாக வைக்கிறது. பட்டம் பெற்ற ஆண்டு வரிசைப்படி ஆள் எடுத்தால் அது குலுக்கல் அல்ல, வரிசை. அப்போது சராசரி நிகழ்தகவால் பெருக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர், உங்கள் முறை வர எத்தனை வருடம் என்று கணக்கிட்டு, அத்தனை வருடத்தில் இழக்கும் தனியார் சம்பளத்தையும் கழித்துப் பாருங்கள்.