பூட் திரையில் படம் வேண்டுமா? – கேள்வி பதில்

லினக்ஸ் கணினி எழும்போது லோகோவும் சுழலும் வட்டமும் காட்டுவது தேவையா என்று நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: அண்ணா, லோகோ எதற்கு? வரி வரியாக எழுத்து ஓடினால் என்ன நடக்கிறது என்றாவது தெரியுமே?

பதில்: நமக்குத் தெரியும், தம்பி. வீட்டில் மற்றவர்களுக்கு? கருப்புத் திரையில் எழுத்து ஓடினாலே ஏதோ கெட்டுவிட்டது என்று பவர் பட்டனை அழுத்துகிறவர்கள் நிறையப் பேர். அதனால் வீட்டுக் கணினியில் படம் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் கோளாறு வந்தால் படம் விலகி நின்று விஷயத்தைக் காட்ட வேண்டும். மறைக்கிற படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

கேள்வி: பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கழற்றினேன். அதிலிருந்து லோகோவிலேயே ஒன்றரை நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறது. கணினி போய்விட்டதா சார்?

பதில்: ஒன்றும் ஆகவில்லை. லோகோ நிற்கும்போது எஸ்கேப் விசையை அழுத்துங்கள். 'எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று தொடங்கும் வரியும், பக்கத்தில் ஓடும் நேரமும் தெரியும். ஒன்றரை நிமிடம் என்பது சிஸ்டம்டி (லினக்ஸ் எழும்போது ஒவ்வொரு வேலையையும் தொடங்கிவைக்கும் மென்பொருள்) வழக்கமாகக் கொடுக்கும் 90 விநாடி கெடு. இல்லாத டிஸ்குக்காக அது காத்துக்கொண்டிருக்கிறது. கெடு முடிந்ததும் ஒழுங்காக உள்ளே போகிறது என்றால், கழற்றிய டிஸ்கில் ஸ்வாப் பார்டிஷன் (நினைவகம் போதாதபோது பயன்படும் டிஸ்க் பகுதி) இருந்திருக்க வேண்டும். சாதாரண டேட்டா பார்டிஷனாக இருந்தால் பெரும்பாலும் பழுது பார்க்க மட்டுமே உதவும் எமர்ஜென்சி மோடில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். எந்தெந்த டிஸ்கை இணைப்பது என்ற பட்டியல் இடிசி ஃபோல்டரில் உள்ள எஃப்எஸ்டேப் ஃபைலில் (/etc/fstab) இருக்கிறது; அதைத் திறந்து, அந்த டிஸ்குக்கான வரியின் முன்னால் ஒரு # போட்டால் போதும். அப்போதைக்கப்போது மாட்டிக் கழற்றுகிற டிஸ்க் என்றால் அந்த வரியில் 'நோஃபெயில்' (nofail) சேர்த்துவிடுங்கள்; டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரும்.

பாருங்கள், காரணம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அது எஸ்கேப் விசைக்குப் பின்னால் இருக்கிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. லோகோவுக்குக் கீழே சின்னதாக ஒரு குறிப்பு வைத்திருக்கலாம். எனக்கு உண்மையிலேயே வருத்தம் இதில்தான்.

கேள்வி: படம் வைத்தால் பூட் தாமதமாகாதா?

பதில்: உணரும்படி ஆகாது. எழுத்தும் இலவசம் இல்லை: செய்திகளைக் கேபிள் வழியே இன்னொரு கணினிக்கு அனுப்பும் சீரியல் கன்சோலில், 115200 பாட் வேகத்தில், விநாடிக்குச் சுமார் 11 கிலோபைட்தான் போகும், அதில் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) செய்திகளைக் கொட்டினால் பூட் இழுக்கும். எது நேரம் தின்கிறது என்று அறிய 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' (systemd-analyze blame) என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: முன்பெல்லாம் லோகோ வந்து, திரை கருத்து, மறுபடி மினுக்கிக்கொண்டு வருமே?

பதில்: ஒவ்வொரு கட்டமும் திரையின் மோடை, அதாவது அளவு, நிற அமைப்பை, தன் இஷ்டத்துக்கு மாற்றியதால் வந்த வினை. ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் பழைய ஏற்பாட்டில், படம் காட்டுவதற்கென்றே ஒரு எக்ஸ் சர்வர் (திரையில் ஜன்னல்களை வரையும் மென்பொருள்) தனியாக ஓடியது! 2008இல் ஃபெடோரா 10 என்ற லினக்ஸ் பதிப்பு, பூட் படத்தைக் காட்டும் ப்ளைமவுத் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. மோடை அமைக்கும் வேலை கர்னலுக்குப் போனதால் மினுக்கல் குறைந்தது. 2019இல் வந்த ஃபெடோரா 30, கணினித் தயாரிப்பாளரின் லோகோவை அப்படியே வைத்துக்கொண்டு லாகின் வரை போகும்.

கேள்வி: விண்டோஸ் 95 மேகப் படத்தின் கீழே ஒரு பட்டை ஓடுமே, அது எவ்வளவு முடிந்தது என்று காட்டியதா?

பதில்: இல்லை. 320க்கு 400 அளவுள்ள ஒரு பிட்மேப், 256 நிறம். நிறப் பட்டியலைச் சுழற்றியே பட்டையை ஓடவைத்தார்கள். அதிலும் எஸ்கேப் அழுத்தினால் படம் விலகும். அந்த வழக்கம் அப்போதே இருந்தது.

கேள்வி: டிஸ்கை என்க்ரிப்ட் செய்திருக்கிறேன். படத்தை எடுத்துவிடலாமா?

பதில்: வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியைக் காட்டுவதும் ப்ளைமவுத்தான். அது இல்லாவிட்டால் கேள்வியும் கர்னல் செய்திகளும் கலந்து வந்து, எங்கே டைப் அடிப்பது என்றே குழம்பும்.

கேள்வி: சர்வரில்?

பதில்: வேண்டவே வேண்டாம். லினக்ஸை ஏற்றிவிடும் க்ரப் என்ற மென்பொருளின் அமைப்பு ஃபைலில், செய்திகளை மறைக்கும் 'கொயட்' (quiet), படம் காட்டும் 'ஸ்பிளாஷ்' (splash) இரண்டையும் நீக்கி, உபுண்டு என்றால் 'அப்டேட்-க்ரப்' ஓட்டுங்கள். ஒரே ஒரு முறை பார்க்க மட்டும் என்றால், க்ரப் மெனுவில் இ விசையை அழுத்தி அதே இரண்டு சொற்களை எடுத்துவிட்டு எஃப்10 அழுத்துங்கள். அடுத்த பூட்டில் பழையபடி ஆகிவிடும்.