வாசகர் கேள்வி–பதில்: விடிய விடியக் கேட்டவர்கள்

மன்னார்குடியிலிருந்து ஒரு தாய்: தஞ்சாவூரில் பொறியியல் படிக்கும் என் மகன், 2025 ஜூலையில் ஆஸி ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலப் பாடகர் இறந்த செய்தி கேட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. குறுவைக்குக் களையெடுப்பு நடந்த நேரம். வயல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவன் தாத்தா இறந்தபோதும் இப்படி அழுததில்லை. அந்தப் பாடகர் மேடையில் வௌவால் தலையைக் கடித்தவர் என்கிறார்கள். நேரில் பார்த்தறியாத ஒருவருக்காக இப்படி அழுவது இயல்புதானா?

பதில்: வௌவால் செய்தி உண்மைதான், அதை முதலில் முடித்துவிடுவோம். 1982 ஜனவரியில் அமெரிக்காவின் டி மாய்ன் நகரில் ரசிகர் ஒருவர் மேடைமீது எறிந்ததை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்துவிட்டதாக ஆஸ்போர்னே பின்னர் சொன்னார். அதற்காக வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுக்கொண்டார். உங்கள் மகன் அழுதது அந்த மனிதருக்காக அன்று. 2025 ஜூலை 5ஆம் தேதி, தாம் வளர்ந்த பர்மிங்காம் நகரின் ஆஸ்டன் பகுதியில் உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், பார்க்கின்சன் நோயால் கால்கள் ஒத்துழைக்காத நிலையில், சிம்மாசனம் போன்ற ஓர் இருக்கையில் அமர்ந்தபடி தம் ரசிகர்களுக்காகக் கடைசி முறையாகப் பாடிவிட்டு, பதினேழு நாள் கழித்து, 76 வயதில் இறந்துபோனவருக்காக அழுதான். அந்த நிகழ்ச்சி இணையத்திலும் ஒளிபரப்பானது. நம் ஊர்க் கணக்கில் அது நள்ளிரவைத் தாண்டிய நேரம்; அவன் விடுதி அறையில் கண்விழித்துப் பார்த்திருப்பான் என்றே நினைக்கிறேன்.

அவர் பாடிய பிளாக் சாபத் குழு தொழிற்சாலைப் பையன்களின் குழு. அதில் கிடார் வாசித்த டோனி ஐயோமி, பதினேழு வயதில் தகட்டு ஆலையில் வேலை செய்தபோது வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்குத் தந்தியை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். அழுத்துவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று பிற்பாடு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். இன்று உலகமெங்கும் வாசிக்கப்படும் அந்தக் கனத்த, இருண்ட ஒலிக்கு அந்த வெட்டுப்பட்ட விரல்களும் ஒரு காரணம். கையில் காசில்லாத, பேசத் தயங்குகிற பையன்களுக்கு அந்த ஒலி ஏன் பிடிக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

தாத்தாவோடு ஒப்பிட்டீர்கள். அந்த ஒப்பீட்டில் ஒரு பிசகு இருக்கிறது. தாத்தா இறந்தபோது வாசலில் பந்தல் இருந்தது, உறவு முழுவதும் வந்து கட்டிக்கொண்டு அழுதது, பதினாறாம் நாள் காரியம்வரை வீட்டில் ஆள் குறையவில்லை. பர்மிங்காமிலும் ஜூலை 30 அன்று ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்று ஆஸ்போர்னை வழியனுப்பினார்கள். மன்னார்குடியில் உங்கள் மகனிடம் துக்கம் கேட்க ஒருவர்கூட வரவில்லை. நீங்களாவது கேளுங்கள். அவருடைய பாட்டுகளில் எது பிடிக்கும், அதை ஒரு தடவை போட்டுக்காட்டு என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தலைவலி வரக்கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் வாசகர், பணி ஓய்வு பெற்றவர்: நம் சங்கீத ரசிகர்கள் அமைதியாக அமர்ந்து தாளம் போட்டுக் கேட்பவர்கள். ராக் ரசிகர்களோ ஒரு குழுவின் பின்னால் ஊர் ஊராக அலைகிறார்களாம். இதை ரசனை என்பதா, பித்து என்பதா?

பதில்: ஐயா, ஊர் ஊராக அலைவது நம் ஜில்லாவில் தோன்றாத பழக்கமா என்ன? என் தாத்தா நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் பைத்தியம். சுவாமி புறப்பாட்டில் அவர் வாசிக்கிறார் என்று காதில் விழுந்தால், கட்டுச்சோற்றை மூட்டை கட்டிக்கொண்டு மாட்டுவண்டி கிடைத்தால் வண்டியிலும் கிடைக்காவிட்டால் நடந்தும் போய்விடுவாராம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், சுவாமிக்கு முதுகைக் காட்டி நிற்கிறோம் என்ற நினைவுகூட இல்லாமல், தோடி முடியும்வரை வீதியில் நின்றுவிட்டு, விடியற்காலையில் காவிரியில் முழுகிவிட்டு நேராக வயலுக்குப் போவார் என்று பாட்டி சொல்லுவார். பாட்டி அதைப் பெருமையாகச் சொன்னதே இல்லை.

ஆகவே பித்தா என்று கேட்டால், ஆம், பித்துதான். அந்தப் பித்து பிறகு என்ன செய்கிறது என்பதை வைத்தே நான் ரசிகரை எடைபோடுவேன். கலிஃபோர்னியாவில் 1965இல் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் குழு ஒரே பாட்டை இரண்டு இரவுகளில் ஒரே மாதிரி வாசித்ததில்லை. ‘டெட்ஹெட்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட அதன் ரசிகர்கள் அதனாலேயே ஊர் ஊராகப் பின்தொடர்ந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவிகளை ஒளித்துக் கொண்டுவந்து பதிவும் செய்தார்கள். குழு அவர்களை விரட்டவில்லை. 1984இல் பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. பதிவு நாடாக்களைக் காசுக்கு விற்கக் கூடாது, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். ரசிகர்கள் பல ஆண்டுகள் படியெடுத்துக் கைமாற்றிப் புகழ்பெறச் செய்த 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழக நிகழ்ச்சியின் பதிவை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் பின்னர் சேர்த்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாமீது ஒரு சின்னக் கோபம் வரும். ராஜரத்தினம் பிள்ளை வீதியில் மணிக்கணக்காக வாசித்த தோடியைக் கேட்டவர்களிடம் பதிவுக் கருவி ஏது? ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே கொள்ளும் இசைத்தட்டுகளுக்காக அவர் சுருக்கி வாசித்ததிலிருந்துதான் பெரும்பாலும் நாம் அந்த இரவுகளை ஊகிக்க வேண்டியிருக்கிறது. தாத்தா ஒரு நோட்டில் எந்த ஊரில் என்ன வாசித்தார் என்றாவது எழுதி வைத்திருக்கலாம்.

காத்த ரசிகர் நம்மிடம் இல்லாமல் இல்லை. தியாகராஜர் மறைந்தது 1847இல். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் பிறந்தது 1878இல். தாம் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட இசைக்காரருக்காக அவர் சேமிப்பை எல்லாம் செலவழித்து, திருவையாற்றில் கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதிக்கு 1920களில் கோயில் கட்டினார். பெண்கள் ஆராதனையில் பாடக் கூடாது என்றிருந்த காலம் அது. சமாதிக்குப் பின்புறம் பெண்களைத் திரட்டிப் பாடவைத்தார். தியாகராஜரைப் பார்த்தபடி இருக்கும் அவருடைய சமாதியை அடுத்த முறை போகும்போது நின்று பாருங்கள். உலகத்தின் எந்த ராக் ரசிகரும் அந்த அளவுக்குப் போனதாக நான் அறியேன்.

மயிலாடுதுறை கல்லூரி மாணவி: எனக்குப் பிடித்த குழுவுக்கு மூன்று ஆண்டுகளாக எழுதுகிறேன். ஒரு பதிலும் இல்லை. நாம் அவர்களை நினைக்கிற அளவுக்கு அவர்கள் நம்மை நினைப்பார்களா?

பதில்: மாட்டார்கள். அவர்கள் ஒருவர், நாம் லட்சம் பேர், கணக்கு ஒத்துவராது. சில சமயம் நம்மை வெறுக்கவும் செய்வார்கள். 1977 ஜூலை 6 அன்று மான்ட்ரியால் ஒலிம்பிக் மைதானத்தில், இரைச்சலிட்டபடி மேடையை நெருங்கிய ரசிகர் ஒருவர்மீது பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் எச்சில் துப்பினார். பிறகு வெட்கப்பட்டார். தமக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு சுவரே எழுந்துவிட்டது என்ற அந்த எண்ணத்திலிருந்து 1979இல் ‘தி வால்’ இசைத்தொகுப்பு பிறந்தது. மறுபுறம், பதில் கிடைத்தும் போதாதவர்களும் உண்டு. பீட்டில்ஸ் குழுவில் பாடிய ஜான் லெனனை 1980 டிசம்பர் 8 இரவு சுட்டுக் கொன்றவன், அன்று மாலைதான் அவரிடம் இசைத்தட்டில் கையெழுத்து வாங்கியிருந்தான்.

உங்களை பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதுங்கள், பதிலுக்காக எழுதாதீர்கள். வேறு வகையான உறவும் இருக்கிறது. பிரிட்டனின் மரில்லியன் குழு, அமெரிக்காவுக்கு வந்து வாசிக்கத் தங்களிடம் பணமில்லை என்று சொன்னதும், ரசிகர்கள் தாங்களாகவே ஏறத்தாழ 60,000 டாலர் திரட்டி 1997இல் அவர்களை வரவழைத்தார்கள். அடுத்து 2001இல் வந்த இசைத்தொகுப்புக்கு, பதிவு தொடங்கும் முன்பே 12,000க்கும் மேற்பட்டோர் பணம் கட்டினார்கள். தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழாவுக்கு மேளக்காரரை அழைக்கும் ஊரில் பிறந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்த வரியைக் கட்டியவர் ஒவ்வொருவரையும் வித்வானுக்குப் பேர் சொல்லித் தெரியுமா? தெரியாது. ஆனாலும் கச்சேரி அவருடையதுதான்.

நீடாமங்கலம் வாசகர்: என் மாமா சிங்கப்பூரிலிருந்து 1980களில் கொண்டுவந்த ராக் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறையப் பரணில் இருந்தன. நாடாவில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. போட்டுக் கேட்கலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள். அது பூஞ்சை; ஒரு கேசட்டிலிருந்து டேப் ரெக்கார்டரின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். பூஞ்சை பிடித்ததையும் பிடிக்காததையும் முதலில் தனித்தனியாகப் பிரியுங்கள். பிரிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் பரணைவிட மோசமான இடம் கிடையாது. காற்றோட்டமான, வெயில் நேராகப் படாத, ஸ்பீக்கருக்கு அருகில் இல்லாத அலமாரிக்கு மாற்றுங்கள். நல்ல கேசட்டுகளை முதலில் கணினியில் ஏற்றிவிடுங்கள். மற்றவற்றை, நாடாவைத் துடைத்துப் புதுக் கூட்டுக்கு மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கேசட் உறையில் மாமா தம் கையால் பாட்டு வரிசையோ, வாங்கிய தேதியோ எழுதியிருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.