‘ஃபேபிள்ஸ்’ தொடரில் இளவரசிகள் என்ன ஆகிறார்கள்?

தேவதைக் கதைகளை மாற்றிச் சொல்லும் காமிக்ஸ்களில் பெண் பாத்திரங்கள் உண்மையிலேயே மாறுகிறார்களா, உடை மட்டும் மாறுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பில் வில்லிங்ஹாம் எழுதி, 2002 முதல் 2015 வரை 150 இதழ்களாக வெளிவந்த ‘ஃபேபிள்ஸ்’ தொடரைக் கொண்டு பதில் சொல்கிறேன்.

சொந்த நாடுகளைப் பறிகொடுத்து நியூயார்க்கில் ஒளிந்து வாழும் தேவதைக் கதை மாந்தர்களுக்கு, ஆங்கிலக் குழந்தைப் பாடலில் வரும் கோல் மன்னர் பெயரளவில்தான் மேயர். நிர்வாகம் முழுவதும் துணை மேயர் ஸ்னோ ஒயிட்டின் கையில் இருக்கிறது. மனைவி கோபப்பட்டால் தனக்கு மிருக உருவம் திரும்பிவிடுகிறது என்று முறையிட வரும், ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ கதையின் ‘பீஸ்ட்’டிடம், குடும்பச் சண்டையைத் தீர்ப்பது அலுவலக வேலையன்று என்று முதல் இதழிலேயே அவள் கையை விரித்துவிடுகிறாள்.

ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் தொகுப்பில், குள்ளர்களுடன் வாழும் ஸ்னோ ஒயிட்டும், வேறொரு கதையில் ரோஸ் ரெட் என்பவளின் சகோதரியாக வரும் ஸ்னோ ஒயிட்டும் வெவ்வேறு பெண்கள். வில்லிங்ஹாம் இருவரையும் ஒருத்தியாக்கி, தங்கை ரோஸ் ரெட்டோடு கணவன் கொண்ட உறவால் முறிந்த திருமணத்தை அதில் சேர்த்தபோதுதான் பாத்திரத்துக்குக் கனம் கூடியது. செருப்புக்கடை நடத்திக்கொண்டே ஒற்றறியும் சிண்டரெல்லா சுவாரசியமானவள்தான். ஆனால், பொறுப்பற்றவளாக அறிமுகமாகி, பிற்பாடு விலங்குகள் வாழும் பண்ணையின் நிர்வாகத்தையே ஏற்கும் ரோஸ் ரெட் அளவுக்கு அவள் வளர்வதில்லை என்பது என் கருத்து.