வாசகர் கேள்வி, நம்ம பதில்: பஸ்ஸுக்கு வழி விட்டா கார்க்காரனுக்கு என்ன நஷ்டம்?

கே: சென்னை ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) பாதி ரோடு ஏற்கனவே மெட்ரோ வேலைக்கு போயிடுச்சு. இதுல போன இதழ்ல நீங்க பஸ்ஸுக்கு தனி லேன் வேணும்னு எழுதியிருந்தீங்க. நான் தினமும் மேடவாக்கத்துல இருந்து சிறுசேரிக்கு கார்ல போறவன், ரோடு டாக்ஸ் நானும்தான் கட்டுறேன். எங்க லேனை ஏன் புடுங்கணும்? (பெயர் வேண்டாம், மேடவாக்கம்)

ப: உங்க கோவம் எனக்கு புரியுது சார். ஆனா சோழிங்கநல்லூர் சிக்னல்ல நிக்கும்போது முன்னாடி நிக்கிற காரை மட்டும் எண்ணாம, உள்ள எத்தனை பேர்னு ஒருநாள் எண்ணிப் பாருங்க, பெரும்பாலும் ஒரே ஆளு. பக்கத்துல ஒரு பஸ்ல 60 பேர் நின்னுக்கிட்டு இருப்பாங்க, அந்த 60 பேரும் ரெண்டு ரெண்டு பேரா கார்ல வந்தாக்கூட 30 கார், அத்தனையும் உங்களுக்கு முன்னாடிதான் நிக்கும். பஸ் சீக்கிரம் போகுதுன்னா அதுல நாலு பேராவது காரை வீட்ல விட்டுட்டு வருவாங்க, அந்த இடம் உங்களுக்குத்தான் மிச்சம்.

இதுல அரசியல் எப்படி புகுந்து விளையாடும்ங்கறதுக்கு டெல்லியே சாட்சி. 2008ல அம்பேத்கர் நகர்ல இருந்து மூல்சந்த் வரைக்கும் 5.8 கிலோமீட்டருக்கு பஸ் லேன் போட்டாங்க. பக்கத்து லேன்ல கார் எல்லாம் நகராம நிக்க, நடுவுல பஸ் லேன் காலியா கெடக்குறாப்ல தெரிஞ்சுது, அதைப் பாத்து கார்க்காரங்களுக்கு எரிச்சல். கோர்ட்டுக்கு போனாங்க, 2012ல ஹைகோர்ட் அந்த வழக்கை தள்ளுபடி பண்ணிடுச்சு, ஆனாலும் 2016ல அரசாங்கமே இடிச்சுப் போட்டுடுச்சு. லேன் நடு ரோட்ல இருந்ததால ஜனங்க உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு கிராஸ் பண்ண வேண்டியிருந்தது உண்மை, அதை சரி பண்ணியிருக்கலாம், மொத்தமா இடிச்சிருக்க வேண்டாம். அகமதாபாத்லயும் 2009ல ஆரம்பிச்சாங்க, அங்க அதை விரிவாக்கிக்கிட்டே போனாங்க. சென்னையில பல வருஷமா பேப்பர்லயேதான் இருக்கு. பாலம் கட்டினா ரிப்பன் வெட்டலாம், ரோட்ல மஞ்சக் கோடு போட்டா யாரு வந்து வெட்டுவாங்க, அதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

கே: பொம்பளைங்களுக்கு ஃப்ரீ பஸ் விட்டதாலதான் போக்குவரத்துக் கழகம் நஷ்டத்துல ஓடுதுன்னு எங்க ஆபீஸ்ல சொல்றாங்க. அது நிஜமா? (ஒரு வாசகி, பெரம்பூர்)

ப: நஷ்டம் அதுக்கு முன்னாடியே இருந்துச்சும்மா. 2018 ஜனவரியில மினிமம் டிக்கெட்டை 3 ரூபாய்ல இருந்து 5 ரூபாய் ஆக்குனப்பவும் நஷ்டக் கணக்கைத்தான் காட்டுனாங்க. ஃப்ரீ பஸ் வந்தது 2021 மே மாசம், அந்த டிக்கெட் காசை அரசாங்கம் மானியமா கழகத்துக்கு குடுக்குது. எங்க தெருவுக்கு வீட்டு வேலைக்கு வர்ற அக்கா ஒருத்தங்க முன்னாடி பாதி தூரம் டிக்கெட் எடுத்து வந்துட்டு மீதி ரெண்டு ஸ்டாப் நடந்தே வருவாங்க, இப்போ முழுசா ஃப்ரீ பஸ்ல வர்றாங்க, மிச்சம் புடிச்ச காசுல பொண்ணுக்கு டியூஷன் ஃபீஸ் கட்டுறாங்க. இதை நஷ்டம்னு என்னால சொல்லவே முடியாது.

நீங்க கேக்க வேண்டிய கேள்வி வேற: பொம்பளைங்களுக்கு ஃப்ரீயா விடுற வெள்ளை போர்டு பஸ் எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு வருது? காசு வாங்குற டீலக்ஸ் மூணு போன பின்னாடி, பிங்க் கலர் அடிச்ச ஃப்ரீ பஸ் ஒண்ணு ஆளுங்க தொங்கத் தொங்க வந்தா, ஃப்ரீன்னு பேருதான், அந்தப் பொண்ணு கடைசில ஷேர் ஆட்டோவுக்குத்தான் காசு குடுக்கணும்.

கே: மெட்ரோ ரெண்டாம் கட்டம் முடிஞ்சா டிராஃபிக் தீர்ந்துடுமா? (கல்லூரி மாணவர், போரூர்)

ப: 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய், பெரிய வேலைதான் தம்பி, வரட்டும். 2020 நவம்பர்ல அடிக்கல் நாட்டுனாங்க, மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபர்லதான் வந்துச்சு, நடுவுல காசு யாரு குடுக்குறதுன்னு டெல்லிக்கும் சென்னைக்கும் இழுபறி. பறக்கும் ரயில் கதையும் ஞாபகம் இருக்கட்டும். வேளச்சேரி வரைக்கும் 2007லயே வந்துடுச்சு, அங்கிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர், ஆதம்பாக்கத்துல ஒரு 500 மீட்டர் நிலத் தகராறுல 15 வருஷத்துக்கு மேல இழுத்துடுச்சு. மெட்ரோல இறங்கி வீட்டுக்குப் போக மினி பஸ்ஸும், நடக்க பிளாட்பாரமும் இல்லைன்னா ஜனங்க டூவீலரைத்தான் எடுப்பாங்க.

கே: இதெல்லாம் யாருகிட்ட போய் கேக்குறது? கவுன்சிலர்கிட்ட போனா எம்எல்ஏகிட்ட போங்கறார். (குடும்பத் தலைவி, வில்லிவாக்கம்)

ப: அவரு சொல்றதுல பாதி சரி. எம்டிசி (மாநகரப் போக்குவரத்துக் கழகம்) பஸ் மாநில அரசோடது, அண்ணா சாலை மாதிரி பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையோடது, உங்க தெரு மாநகராட்சியோடது, சிக்னல் போலீஸோடது. எல்லாத்தையும் ஒண்ணா சேக்கத்தான் 2010லயே கும்டான்னு ஒரு ஆணையத்துக்கு சட்டம் போட்டாங்க, முதலமைச்சர்தான் அதுக்கு தலைவர், அது உருப்படியா கூடி உக்காரவே பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அதனால கவுன்சிலர்கிட்ட தெரு பிளாட்பாரமும் பஸ் ஸ்டாப் நிழற்குடையும் கேளுங்க. எம்எல்ஏகிட்ட பஸ் நம்பரைச் சொல்லி, காலைல 8ல இருந்து 10 வரைக்கும் எத்தனை ட்ரிப்புன்னு எழுத்துல கேளுங்க. தனியா போகாதீங்க, அந்த ஸ்டாப்ல கூட நிக்கிற இருபது பேரையும் கையெழுத்து போடச் சொல்லிட்டு போங்க.