சாகாத குழந்தையும் பொம்மைக்காரியும்

கேள்வி: ரத்தக்காட்டேரி நாவல் என்றாலே பல்லும் கழுத்தும்தான் என்று நினைத்திருந்தேன். அதிலும் பெண்களின் துக்கம், கோபமெல்லாம் வரும் என்கிறாள் தோழி. எதைப் படிக்கலாம்?

பதில்: ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் த வேம்பயர்' படியுங்கள். 1976இல் வந்தது. ஆறு வயதுகூட நிரம்பாத மகளை 1972இல் ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அமெரிக்கத் தாய் அவர். மறு வருடமே எழுத உட்கார்ந்து, ரத்தம் குடித்துச் சாகாமல் இருப்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இதற்கும் அதற்கும் உள்ள தொடர்பு எழுதும்போது தனக்கே உறைக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கொள்ளைநோய்க் காலம். செத்த தாயின் பக்கத்தில் கிடக்கும் ஐந்து வயது கிளாடியாவை லூயி, லெஸ்டாட் என்ற இரண்டு ஆண் காட்டேரிகள் தங்களைப்போலவே காட்டேரியாக்கிவிடுகிறார்கள். புத்தி வளர்கிறது, உடம்பு அப்படியே நிற்கிறது. வருஷக்கணக்காகக் கவுன் மாட்டி, சுருட்டை முடியை வாரிவிட்டு வைத்திருந்தால் அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? லெஸ்டாட்டின் கழுத்தையே அறுக்கிறாள்.

அப்புறம் பாரிஸ். அங்கே மேடலின் என்று ஒருத்தி, பொம்மைக் கடைக்காரி, மகளை இழந்தவள், செய்கிற பொம்மைக்கெல்லாம் அந்த மகளின் முகத்தையே வைக்கிறவள். அவளிடம் கிளாடியா, பிள்ளை பொம்மை வேண்டாம், வளர்ந்த பொம்பளையாக ஒன்று செய்து கொடு என்று கேட்டு வாங்குகிறாள். வாங்கி வந்து லூயியின் கண்ணெதிரே கைக்குள் வைத்து நொறுக்குகிறாள். சில்லுகள் தரையில் கொட்ட, உள்ளங்கையெல்லாம் ரத்தம். எனக்கு நாவலே இந்த இடம்தான். மேடலினுக்கோ இனி சாகவே சாகாத ஒரு குழந்தை கிடைத்துவிட்டது, அதற்காகத் தானும் காட்டேரியாகிறாள், கடைக்குத் தன் கையாலேயே தீ வைக்கிறாள்.

குறையும் உண்டு. கதை முழுக்க லூயியின் வாயால்தான் வருகிறது, அவர் புலம்ப ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கிளாடியாவே சொல்லியிருக்கலாமே என்று எரிச்சல் வரும்.

கேள்வி: படம் பார்த்தாயிற்று. நாவலும் வேண்டுமா?

பதில்: வேண்டும். 1994 படத்தில் கிளாடியாவாக நடித்த கிர்ஸ்டன் டன்ஸ்ட் பிரமாதம்தான், ஆனால் பத்து வயது தாண்டிய பெண்ணைப் பார்ப்பதும் ஐந்து வயதுக் குழந்தையை நினைத்துப் படிப்பதும் ஒன்றல்ல. மேடலினும் அதில் வந்த வேகத்தில் போய்விடுகிறாள். ஒன்று மட்டும்: பிள்ளையை இழந்தவர்கள் வீட்டில் இருந்தால், இந்தப் புத்தகத்தை அவர்களிடம் இப்போதைக்கு நீட்டாதீர்கள்.